எந்தக் கடிகாரம் பொய் சொல்கிறது?

நாவலுக்கு விமர்சனம் உண்டு. திரைப்படத்திற்கு விமர்சனம் உண்டு. கணிப்பொறி நிரலுக்கும் விமர்சனம் உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். பல நாட்டவர் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்று திறந்து வைத்திருக்கும் நிரல் ஒன்று உண்டு. அது லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல், அதாவது கருப்பகுதி. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளம் அதுவே. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளத்தின் உள்ளே இருப்பதும் அதுவே. இவ்வளவு பேருடைய வாழ்வைத் தொடும் ஓர் ஆக்கத்தை யாரும் விமர்சிக்காமல் விடுவது சரியாகாது.

இக்கட்டுரையில் அந்தக் கருப்பகுதியின் ஒரு சிறு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். நேரம் கணிக்கும் வேலையில், தன் கையிலுள்ள கடிகாரம் நம்பத்தக்கதா என்று அது எப்படித் தீர்மானிக்கிறது? இது கணிப்பொறி வல்லுநர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. அளவுக் கருவி எதைக் கையில் எடுப்பவரும் கேட்க வேண்டிய கேள்வி. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வியை எழுப்பி, அதற்கு நல்ல விடையும் கண்டிருந்தார்கள். அந்த விடையையே நம் உரைகல்லாகக் கொள்வோம்.

எண்ணி நேரம் சொல்லும் கருவி

1993-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட பென்டியம் செயலியில் ஒரு புதிய எண்ணி சேர்க்கப்பட்டது. 'டைம் ஸ்டாம்ப் கவுண்ட்டர்', சுருக்கமாக டி.எஸ்.சி. என்பது அதன் பெயர். செயலியின் ஒவ்வொரு துடிப்பிற்கும் அந்த எண்ணியில் ஒன்று கூடும். இன்றைய செயலி ஒன்று விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு துடிப்பின் நேரம் ஒரு நானோ விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அந்த நேரத்திற்குள் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் செல்லும். 64 பிட் அகலமுள்ள அந்த எண்ணி நிரம்பி வழிய 190 ஆண்டுகளுக்கு மேலாகும். இத்தனை நுட்பமான கடிகாரம் ஒவ்வொரு மேசையின் மீதும் இலவசமாகக் கிடைக்கிறது என்றால் மகிழ்ச்சிதானே?

மகிழ்வதற்கு முன் ஒரு தறியை நினைத்துப் பார்ப்போம். நான் வசிக்கும் அனகாபுத்தூர் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். இப்போது தறிகள் அருகிவிட்டன. ஆயினும் நாடா ஓடும் ஓசை அறியாதவர் இங்கு குறைவு. நெசவாளர் ஒருவர் நிமிடத்திற்கு 60 முறை நாடாவை ஓட்டுகிறார் என்று கொள்வோம். ஓடிய தடவைகளை எண்ணினால் கடந்த நேரம் தெரிந்துவிடும். 600 முறை ஓடினால் 10 நிமிடம். ஆனால் இந்தக் கணக்கு மூன்று இடங்களில் சறுக்கும். களைப்பால் நெசவாளரின் வேகம் குறைந்தால், 600 முறை ஓட 12 நிமிடம் ஆகும். இழை அறுந்து அவர் எழுந்து போனால், நேரம் ஓடும், எண்ணிக்கை நின்றுவிடும். பக்கத்துத் தறியின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கியிராவிட்டால் ஒத்துப்போகா.

டி.எஸ்.சி.க்கும் இதே மூன்று நோய்கள் வந்தன. மின்சாரத்தைச் சேமிக்கச் செயலிகள் தம் வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் தொடங்கின. எண்ணியின் வேகமும் கூடவே மாறியது. வேலை இல்லாதபோது செயலி ஆழ்ந்த உறக்கத்திற்குப் போயிற்று; எண்ணியும் நின்றது. பிறகு ஒரே சில்லில் இரண்டு செயலிக் கோர்கள் வந்தன. 2005-இல் வெளியான ஏ.எம்.டி. நிறுவனத்தின் இரட்டைக் கோர் அத்லான் செயலிகளில், இரு கோர்களின் எண்ணிகளும் ஒன்றை விட்டு ஒன்று விலகின. ஒரு கோரில் நேரத்தைப் படித்துவிட்டு மறு கோருக்கு மாறிய நிரலுக்குக் காலம் பின்னோக்கிப் போனது போலத் தோன்றும். விளையாட்டு நிரல்கள் இதனால் தடுமாறின. அதைச் சரிக்கட்ட அந்நிறுவனமே ஒரு தனி மென்பொருளை வெளியிட வேண்டியதாயிற்று.

பின்னர் 2007, 2008 ஆண்டுகளில் வந்த செயலிகளிலிருந்து நிலைமை சீரடைந்தது. செயலியின் வேகம் மாறினாலும், அது உறங்கினாலும், எண்ணி மட்டும் ஒரே சீராக ஓடும்படி அமைத்தார்கள். எனினும் நோய் முற்றிலும் நீங்கவில்லை. சில கணிப்பொறிகளில் தாய்ப்பலகையின் அடிப்படை நிரலான பயாஸ், எண்ணியின் மதிப்பை இடையில் மாற்றி எழுதிவிடும். பல செயலிகள் பொருத்தப்பட்ட பெரிய கணிப்பொறிகளில் அவை யாவும் ஒரே கணத்தில் எண்ணத் தொடங்கும் என்று உறுதி கூற இயலாது.

நுங்கம்பாக்கம் தரும் உரைகல்

இனி நாம் உரைகல்லாகக் கொண்ட இடத்திற்கு வருவோம். வில்லியம் பெட்ரி என்பவர் 1786-இல் தம் சொந்தச் செலவில் எழும்பூரில் ஒரு வான் ஆய்வுக்கூடம் அமைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டபின், மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. அங்கு கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், கல்லூரிச் சாலையில் உள்ள வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கல்வெட்டு பொறித்த தூண் அது. அக்காலத்தில் பயன்பட்ட, ஷெல்டன் என்பவர் செய்த ஊசல் கடிகாரம் பின்னர் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தைச் சென்றடைந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டியதா? காட்டவில்லை. எந்த ஊசல் கடிகாரமும் துல்லியமாகச் சரியான நேரத்தைக் காட்டாது. வெயிலில் ஊசல் நீளும், காற்றழுத்தம் மாறும். வானியலார் இதற்காகக் கவலைப்படவில்லை. தெரிந்த ஒரு விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியில் கண்டு, அக்கணத்தில் கடிகாரம் என்ன காட்டியது என்று குறித்துக்கொண்டார்கள். மறு இரவும் அப்படியே செய்தார்கள். இவற்றிலிருந்து இரண்டு எண்கள் கிடைத்தன. முதலாவது பிழை, அதாவது கடிகாரம் இப்போது எவ்வளவு முந்தியோ பிந்தியோ இருக்கிறது. இரண்டாவது பிழையின் வீதம். அதாவது அந்தப் பிழை நாளொன்றுக்கு எவ்வளவு மாறுகிறது.

திங்களன்று 12 விநாடி, செவ்வாயன்று 14, புதனன்று 16 என்று முந்துகிற கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிய சனிக்கிழமை இரவிலும் அது 22 விநாடி முந்தியிருக்கும் என்று கூறிவிடலாம். இன்னொரு கடிகாரம் திங்களன்று மிகச் சரி. செவ்வாயன்று 3 விநாடி முந்துகிறது. புதனன்று 2 விநாடி பிந்துகிறது. பார்வைக்கு இரண்டாவதே நல்ல கடிகாரம். வானியலாருக்கோ முதலாவதே நல்ல கடிகாரம். அது தவறு செய்கிறது. ஆனால் ஒரே சீராகத் தவறு செய்கிறது.

சென்னை நேரத்தின் கதையே இதற்குச் சான்று. ஜான் கோல்டிங்காம் 1802-இல் சென்னையின் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று நிர்ணயித்தார். இன்று நமக்குத் தெரிந்த தீர்க்கரேகைப்படி கணக்கிட்டால் அது சுமார் கால் நிமிடம் கூடுதல். அதனால் பின்னாளில் சென்னை நேரத்தைப் பின்பற்றிய ரயில்கள் மோதிக்கொள்ளவில்லை. எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தைக் கொண்டிருந்தன. அது சீராகவும் ஓடியது. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேர வேறுபாட்டுடன் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே உரைகல் இதுதான்: கடிகாரத்தை நம்பலாமா என்பதை அதன் பிழையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, பிழையின் சீர்மையை வைத்தே தீர்மானிக்க வேண்டும். அந்தச் சீர்மையை அறிய, அந்தக் கடிகாரத்தைவிட மேலான ஒன்றுடன் ஒப்பிட வேண்டும். நுங்கம்பாக்கத்தில் மேலானதாக அமைந்தது விண்மீன்கள்.

காவலன் நியமனம்

லினக்ஸ் கருப்பகுதி என்ன செய்தது? 2006-இல் ஜான் ஸ்டல்ட்ஸ் என்பவர் நேரம் கணிக்கும் பகுதியைத் திருத்தி எழுதினார். கணிப்பொறியிலுள்ள பல கடிகாரங்களில் எதையும் எடுத்துப் பொருத்தக்கூடிய பொது அமைப்பு ஒன்று அதனால் வந்தது. 2007-இல் தாமஸ் க்ளைக்ஸ்னர் அதனுடன் ஒரு காவலனைச் சேர்த்தார். ஆங்கிலத்தில் 'வாட்ச்டாக்' என்று அதற்குப் பெயர்.

காவலனின் வேலை எளியது. வேகமான டி.எஸ்.சி.யைத் தவிர கணிப்பொறியில் மெதுவான நேரங்காட்டிகளும் உண்டு. விநாடிக்கு 35,79,545 முறை எண்ணும் 'ஏ.சி.பி.ஐ.' நேரங்காட்டி ஒன்று. விநாடிக்கு ஒரு கோடிக்கும் மேலாக எண்ணும் 'ஹெச்.பி.இ.டி.' மற்றொன்று. இவற்றில் ஒன்றைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, அரை விநாடிக்கு ஒரு முறை இரண்டையும் படித்து, சென்ற முறைக்கும் இம்முறைக்கும் இடையே இரண்டும் ஒரே அளவு நகர்ந்தனவா என்று காவலன் பார்க்கிறான். வேறுபாடு ஒரு விநாடியில் பதினாறில் ஒரு பங்கிற்கு மேற்பட்டால், அதாவது 62.5 மில்லி விநாடியைத் தாண்டினால், டி.எஸ்.சி. நிலையற்றது என்று பதிவேட்டில் எழுதி, அதை நீக்கிவிட்டு மெதுவான கடிகாரத்திற்கு மாறிவிடுகிறான்.

இதில் பாராட்டத்தக்கவை உண்டு. தயாரிப்பாளரின் வாக்குறுதியை அப்படியே நம்பாமல் கருவியை ஐயத்தோடு அணுகுவது அறிவியல் மனப்பான்மை. தீர்ப்பை மறைக்காமல் பதிவேட்டில் எழுதுவது நேர்மை. காலம் ஒருபோதும் பின்னோக்கிப் போகக் கூடாது என்ற விதியைக் காக்க, இரு கோர்கள் மாறி மாறித் தம் எண்ணிகளைப் படிக்கும் தனிச் சோதனையும் உண்டு. பின்னால் படித்தவரின் எண் முன்னால் படித்தவரின் எண்ணைவிடக் குறைந்திருந்தால் குற்றம் உறுதி. அழகிய சோதனை அது. அதற்கு வெளிச்சாட்சியே தேவையில்லை. 2005 வாக்கில் சந்தையில் இருந்த செயலிகளின் நிலையை எண்ணிப் பார்த்தால், காவலனை நியமித்ததும் சரியே. என் ஆட்சேபம் அவன் விசாரிக்கும் முறையைப் பற்றியது.

நான்கு குறைகள்

முதலாவது, அளவுகோலின் குறை. அரை விநாடியில் 62.5 மில்லி விநாடி என்பது எட்டில் ஒரு பங்கு. இதை நாள் கணக்கிற்கு மாற்றினால் மூன்று மணி நேரம்! நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் முந்தும் கடிகாரமும் இந்தக் காவலனின் கண்ணில் குற்றமற்றது. இணையத்தின் வழியே நேரத்தைத் திருத்தும் என்.டி.பி. முறையால் திருத்தக்கூடிய வேகப் பிழை பத்து லட்சத்தில் 500 பங்கு. அதாவது நாளொன்றுக்கு சுமார் 43 விநாடி. ஆக, 43 விநாடிக்கும் மூன்று மணி நேரத்திற்கும் இடையே ஒரு பெரும் பரப்பு காவலற்றுக் கிடந்தது. அந்தப் பரப்பில் சிக்கிய கடிகாரத்தைக் காவலனும் பிடிக்கமாட்டான்; வைத்தியனாலும் குணப்படுத்த இயலாது. நின்றுபோன கடிகாரத்தையும் தாறுமாறாய் ஓடும் கடிகாரத்தையும் பிடிப்பதற்கே இது ஏற்றது.

இரண்டாவது, படிப்பதில் நேரும் தாமதத்தையும் கடிகாரத்தின் பிழையையும் ஒன்றாகக் கருதியது. சாட்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, டி.எஸ்.சி.யின் முகத்தைப் பார்ப்பதற்குள் காவலனை யாராவது கூப்பிட்டுவிட்டால்? கணிப்பொறியில் இது நடக்கக்கூடியதே. பயாஸ் குறுக்கிட்டுச் செயலியைச் சிறிது நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள் இருப்பதுபோல் நடத்தும் மெய்நிகர் அமைப்புகளில், ஒரு விருந்தாளியை நிறுத்திவிட்டு மற்றவரை ஓடவிடுவார்கள். அப்போது இரண்டு வாசிப்புகளுக்கும் இடைப்பட்ட தாமதம் முழுவதும் டி.எஸ்.சி.யின் கணக்கில் குற்றமாக ஏறும். ஏ.சி.பி.ஐ. நேரங்காட்டியோ 24 பிட் அகலமே உடையது, சுமார் 4.7 விநாடியில் நிரம்பி மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். வேலை மிகுதியால் காவலன் ஐந்து விநாடி தாமதித்து வந்தால், சாட்சி முழுச் சுற்று ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறது. தண்டனை பெறுவதோ சரியாக எண்ணிக்கொண்டிருந்த டி.எஸ்.சி.

மூன்றாவது, சாட்சியின் நேர்மையை ஆராயாதது. இரண்டு கடிகாரங்கள் முரண்பட்டால் எது பொய் என்று அவ்விரண்டிலிருந்து மட்டும் கூற முடியாது. இதைக் கடலோடிகள் நன்கு அறிந்திருந்தார்கள். கப்பலில் இரண்டு காலமானிகளுக்குப் பதில் மூன்று இருந்தால், முரண்படும் ஒன்றைத் தனியே பிரித்தறியலாம். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலில் 22 காலமானிகள் இருந்தன. லினக்ஸ் காவலனிடம் இருந்தவை இரண்டே. அவற்றுள் மெதுவானதே உண்மை பேசும் என்பது முன்முடிவு. 2019-இல் அந்த முன்முடிவு வெளிப்படையாகவே பொய்த்தது. இன்டெலின் காபி லேக் வகைச் செயலிகளில், கணிப்பொறி மிக ஆழ்ந்த உறக்கத்திற்குச் செல்லும்போது ஹெச்.பி.இ.டி. தவறான நேரம் காட்டுகிறது என்று கண்டறியப்பட்டது. ஒழுங்காக ஓடிய டி.எஸ்.சி. நிலையற்றதென்று தள்ளப்பட்டது, தள்ளிவிட்டு அமர்த்தப்பட்டதோ தடுமாறிய கடிகாரமே! அவ்வகைக் கணிப்பொறிகளில் ஹெச்.பி.இ.டி.யைப் பயன்படுத்தாமல் விலக்குவதே இறுதியில் மருந்தாயிற்று.

இதனோடு சேர்ந்த மற்றொரு நுட்பமும் உண்டு. இக்காலத்துக் கணிப்பொறிகள் பலவற்றில் இந்த நேரங்காட்டிகள் யாவும் ஒரே குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்விலிருந்து பிறக்கின்றன. மே மாத வெயிலில் அந்தப் படிகத்தின் அதிர்வெண் மாறினால், சாட்சியும் குற்றம் சாட்டப்பட்டவரும் சேர்ந்தே மாறுவார்கள். காவலனுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

நான்காவது, மேல்முறையீடு இல்லாதது. ஒருமுறை நிலையற்றதென்று முத்திரை குத்தப்பட்ட டி.எஸ்.சி.க்கு, கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் தொடங்கும்வரை மீட்சி இல்லை. இதன் விலை சிறிதன்று. டி.எஸ்.சி.யைப் படிக்கச் சில பத்து நானோ விநாடிகள் போதும். நிரல் தானே நேராகப் படித்துக்கொள்ளலாம். மெதுவான கடிகாரத்தைப் படிக்க ஒவ்வொரு முறையும் கருப்பகுதியின் கதவைத் தட்ட வேண்டும், நேரமும் பன்மடங்காகும். விநாடிக்குப் பல லட்சம் முறை நேரம் கேட்கும் நிரல்கள் இதனால் தவழத் தொடங்கும். ஒரு கணநேரத் தாமதத்திற்கு இது மிகையான தண்டனை அல்லவா?

திருத்தங்களும் ஒரு கேள்வியும்

லினக்ஸ் எழுதுவோர் இக்குறைகளைப் பாராமல் இருந்துவிடவில்லை. 2021-இல் பால் மெக்கென்னி ஒரு நல்ல திருத்தம் செய்தார். சாட்சியைப் படி, டி.எஸ்.சி.யைப் படி, மீண்டும் சாட்சியைப் படி. சாட்சியின் இரண்டு வாசிப்புகளுக்கும் இடையே அதிக நேரம் கழிந்திருந்தால், இடையில் யாரோ குறுக்கிட்டிருக்கிறார்கள். அந்த அளவீட்டைத் தள்ளிவிட்டு மறுபடி படி. நம் ஆய்வகத்தில் ஓர் அளவீட்டிற்கு முன்னும் பின்னும் சுழிப்பிழையைச் சரிபார்ப்பதற்கு ஒப்பானது இது. இவ்வாறு தாமதத்தைப் பிரித்துவிட்டதால் வரம்பையும் இறுக்க முடிந்தது. 62.5 மில்லி விநாடியாக இருந்த வரம்பு ஒரு மில்லி விநாடிக்கும் கீழே வந்தது. முதல் இரண்டு குறைகளும் இதனால் பெரிதும் நீங்கின.

அதே ஆண்டின் இறுதியில் ஃபெங் டாங் என்பவர் எழுதிய மற்றொரு திருத்தம் வேறு வழியில் சென்றது. எண்ணி ஒரே சீராக ஓட வேண்டும். உறக்கத்தில் நிற்கக் கூடாது. யாராவது மதிப்பை மாற்றினால் அதைக் காட்டிக்கொடுக்கும் தனிப் பதிவகம் இருக்க வேண்டும். கணிப்பொறியில் இரண்டுக்கு மேற்பட்ட செயலிச் சில்லுகள் இருக்கக் கூடாது. இத்தனை தகுதியும் உள்ள கணிப்பொறியில் டி.எஸ்.சி.க்குக் காவல் தேவையில்லை என்று விலக்கு அளிக்கப்பட்டது. காரணம் நியாயமானதே: அத்தகைய கணிப்பொறிகளில் டி.எஸ்.சி.யைவிடச் சாட்சிகளே மோசம். கெட்ட சாட்சியைக் கேட்பதைவிடக் கேளாமலிருப்பது மேல்.

இருந்தாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பொய்யாகக் கூவும் காவலனை வீட்டுக்கு அனுப்பினால் கூச்சல் நிற்கும். நம்பிக்கைக்கு அடிப்படை எது? தயாரிப்பாளரின் வாக்குறுதி. 2007-இல் எதை நம்ப மறுத்துக் காவலனை நியமித்தார்களோ, அதையே இங்கு மீண்டும் நம்புகிறோம். இதில் இன்னொரு பாகுபாடும் உண்டு. விலக்கு புதிய செயலிகளுக்கு மட்டுமே. பழைய செயலிகள் இன்னும் பழைய விசாரணைக்கே உட்பட்டவை. கைமாறி வந்த பழைய கணிப்பொறிகளை வைத்துக்கொண்டு வேலை செய்யும் பள்ளிகளும் சிறு அலுவலகங்களும் நம் நாட்டில் ஏராளம். அவர்கள் பார்ப்பது, கணிப்பொறி மெதுவாகிவிட்டது என்ற விளைவை மட்டுமே. பதிவேட்டில் ஒரு வரியில் கிடக்கும் தீர்ப்பை அவர்கள் யாரிடம் கேட்டு அறிவார்கள்? 'டி.எஸ்.சி.யை நம்பு' என்று தொடக்கக் கட்டளையில் எழுதினால் காவலன் விலகிவிடுவான் என்று அறிவுரை கூறுவோர் உண்டு. உண்மையிலேயே பழுதான எண்ணியுள்ள கணிப்பொறியில் அது நோயை மறைக்கும், தீர்க்காது.

வானிலிருந்து ஒரு பாடம்

கடிகாரத்தை வேறு விதமாகக் கையாளும் முறையும் நம் நாட்டிலேயே நடைமுறையில் உள்ளது. இஸ்ரோவின் நாவிக் வழிகாட்டு அமைப்பில் ஒவ்வொரு செயற்கைக்கோளும் அணுக்கடிகாரத்தைச் சுமந்து செல்கிறது. அங்கு ஒரு மைக்ரோ விநாடிப் பிழை தரையில் 300 மீட்டர் பிழையாகும். எனவே பெங்களூருக்கு அருகிலுள்ள பியாலாலுவில், பல அணுக்கடிகாரங்களின் கூட்டிலிருந்து ஒரு பொது நேரத்தைக் கணிக்கிறார்கள். செயற்கைக்கோளின் கடிகாரம் அதிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது, எந்த வீதத்தில் விலகுகிறது என்று அளந்து, அந்த எண்களைச் செயற்கைக்கோளின் வழியாகவே ஒலிபரப்புகிறார்கள். பயன்படுத்துவோரின் கருவி அவற்றைக் கொண்டு திருத்திக்கொள்கிறது. கோல்டிங்காம் காலத்துப் பிழையும் வீதமும் அப்படியே வானேறிவிட்டன!

இம்முறைக்கும் எல்லை உண்டு. 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்ட முதல் செயற்கைக்கோளான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ-யின் மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் பழுதாகிவிட்டன என்பது 2017 ஜனவரியில் வெளியே தெரிய வந்தது. மூன்றும் ஒரே வெளிநாட்டு நிறுவனத்தின் தயாரிப்பு. எண்ணிக்கை மூன்றாக இருந்தும், ஒரே வகையாக இருந்ததால் பாதுகாப்புக் குறைந்தது. ஒரே படிகத்தைப் பகிர்ந்துகொள்ளும் நேரங்காட்டிகளின் கதையும் இதுதான். பதிலாக 2017 ஆகஸ்ட் 31-இல் ஏவப்பட்ட செயற்கைக்கோள், வெப்பக் கவசம் பிரியாததால் பயன்படாமற் போயிற்று. 2018 ஏப்ரல் 12-இல் அனுப்பியதே சுற்றுப்பாதையை அடைந்தது. 2023 மே 29 அன்று சென்ற என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளில் நம் நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் இடம்பெற்றது. கடிகாரம் பழுதாவதை யாராலும் முற்றிலும் தடுக்க இயலாது. எது பழுதானது என்று ஐயமின்றிக் கூற இங்கு முடிந்தது. காரணம், ஒப்பிட மேலான ஒன்று தரையில் இருந்தது.

கருப்பகுதிக்கும் அத்தகைய மேலான ஒன்று உண்டு. என்.டி.பி. முறையில் இணையத்தின் வழியே வரும் நேரமே அது. கணிப்பொறி தொடங்கும் கணத்தில் இணையம் இராது. வலையில் வரும் செய்திகள் தாமதிக்கும். ஆகவே கருப்பகுதி அதை மட்டுமே சார்ந்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் நாட்கணக்கில் ஓடும் கணிப்பொறியில் டி.எஸ்.சி.யின் வீதம் எவ்வளவு சீரானது என்பது என்.டி.பி. நிரலுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த அறிவு ஓர் அறையில் இருக்க, காவலன் மற்றோர் அறையில் அமர்ந்து, தகுதி குறைந்த ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுகிறான். பல நாள் நன்னடத்தைச் சான்றையும் தீர்ப்புக்கு முன் கேட்டுப் பார்க்கும் வழி அமைய வேண்டும். ஒரு முறை தவறியதாகத் தோன்றினால் தற்காலிகமாக விலக்கி வைத்து, தொடர்ந்து கண்காணித்து, சீராக இருப்பதாகத் தெரிந்தால் திரும்ப ஏற்கும் வழியும் வேண்டும். இதுவே என் விமர்சனத்தின் சாரம்.

நமக்கு என்ன?

இதனால் நமக்கு ஆவதென்ன என்று கேட்கலாம். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த ஆணைப்படி, சேவை நிறுவனங்களும் தரவு மையங்களும் தம் கணிப்பொறிகளின் கடிகாரங்களை தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தி வைக்க வேண்டும். இணையக் குற்றம் ஒன்று நடந்தால், எது முன், எது பின் என்று பல கணிப்பொறிகளின் பதிவேடுகளை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஒருவர் மீது குற்றம் நிலைப்பதும் நீங்குவதும் அந்த வரிசையைப் பொறுத்திருக்கலாம். வெளி நேரத்தோடு எத்தனை முறை பொருத்தினாலும், இரண்டு பொருத்தல்களுக்கு இடைப்பட்ட நேரத்தை எண்ணிக் கூறுவது உள்ளேயிருக்கும் இந்த எண்ணிதான்.

மாணவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தனி ஊசல் சோதனையில் நிறுத்துகடிகாரம் நூறில் ஒரு விநாடி காட்டுகிறது என்பதற்காக அந்த இலக்கத்தை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம். நுண்மையாகக் காட்டுவது வேறு. நம்பத்தக்கதாக இருப்பது வேறு. டி.எஸ்.சி. நானோ விநாடியின் பின்னத்தைக் காட்டுகிறது. ஆயினும் 2005-இல் பக்கத்துக் கோருடன்கூட அதனால் ஒத்துப்போக முடியவில்லை. உங்கள் ஆய்வகத்தில் இரண்டு நிறுத்துகடிகாரங்கள் இருந்தால், அவற்றை ஒரே கணத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் எது பொய் சொல்கிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மூன்றாவதைத் தேடுங்கள், வானொலியின் நேர அறிவிப்புடன் ஒப்பிடுங்கள், நாளையும் அதே சோதனையைச் செய்யுங்கள். இன்று 2 விநாடி முந்திய கடிகாரம் நாளையும் 2 விநாடியே முந்தினால், அதைத் தயங்காமல் எடுத்து அடுத்த சோதனைக்குப் பயன்படுத்தலாம்.